பாதியில் நிறுத்தப்பட்ட மருந்துச் சோதனைகள்: யார் நிறுத்தினார்கள், எதற்காக?

மாரடைப்பில் தப்பியவர்கள் சிலருக்கு இதயம் இடையிடையே ஒரு துடிப்பைக் கூடுதலாகத் துடிக்கும். இசிஜி தாளில் அது தெரியும். அப்படிப்பட்டவர்கள் திடீரென இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அந்தக் கூடுதல் துடிப்பை அடக்கிவிட்டால் சாவையும் தடுத்துவிடலாம் என்று நம்புவது இயல்பாகவே இருந்தது. என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்ற இரண்டு மாத்திரைகள் துடிப்பை நன்றாகவே அடக்கின. அமெரிக்காவில் ஏராளமானோர் அவற்றைச் சாப்பிட்டுவந்தார்கள். 1987இல் அந்நாட்டின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 'காஸ்ட்' என்ற சோதனையைத் தொடங்கியது. பலன் தரும் மருந்து கையில் இருக்கும்போது பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுப்பது நியாயமா என்று அப்போது கேட்ட டாக்டர்களும் இருந்தார்கள்.

1989 ஏப்ரலில் அந்த இரண்டு மருந்துகளின் சோதனை நிறுத்தப்பட்டது. முழுக் கணக்கு 1991இல் வெளியானது. சராசரியாகப் பத்து மாதக் கவனிப்பில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். மருந்து கூடுதல் துடிப்பை அடக்குகிறது என்று முன்கூட்டியே உறுதிசெய்த பிறகுதான் ஒவ்வொருவரையும் சேர்த்திருந்தார்கள். மருந்து அது செய்ய வேண்டியதைச் செய்தது. ஆட்கள்தான் இறந்துபோனார்கள்.

மருந்துச் சோதனை பாதியில் நிற்கிறது என்றால் எங்கோ தோல்வி என்று நாம் படித்துவிட்டுப் போகிறோம். காஸ்ட் நின்றது மருத்துவ உலகம் பெருமைப்பட வேண்டிய ஒன்று. அந்தச் சோதனை நடந்திருக்காவிட்டால் அதே மாத்திரைகள் இன்னும் பல ஆண்டுகள் நம்பிக்கையோடு எழுதப்பட்டிருக்கும். இறந்தவர்களின் குடும்பத்தார் நோயைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள். பாதியில் நிறுத்தியது எல்லாமே நல்லது என்றும் இதற்குப் பொருள் இல்லை. சில நிறுத்தங்கள் உயிர்களைக் காத்தன, சில அவசரப்பட்டவை, சில நம்பிக்கைத் துரோகம். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க, நிறுத்தியது யார், அவர்கள் எதைப் பார்த்து நிறுத்தினார்கள் என்று கேட்க வேண்டும்.

முதலில் 'யார்' என்பது. சோதனையை நடத்தும் மருத்துவர்களுக்கும் அதற்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கும் இடைக்காலக் கணக்கைக் காட்டக் கூடாது. காட்டினால் அவர்கள் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். சேர்க்கும் நோயாளியைத் தேர்ந்தெடுப்பதில்கூட அறியாமல் ஒரு சாய்வு வந்துவிடும். அதே சமயம் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் காஸ்ட் போன்ற ஒன்று கடைசி நாள் வரை ஓடி இன்னும் பலரைக் கொன்றுவிடும். இந்த முரணுக்கு அமெரிக்காவில் 1967இல் எழுதப்பட்ட கிரீன்பெர்க் அறிக்கை ஒரு வழி சொன்னது. சோதனையில் எந்தப் பங்கும் இல்லாத வெளியாட்கள் அடங்கிய ஒரு குழு கணக்கைப் பார்த்துவரட்டும், தேவைப்பட்டால் சோதனையை முன்கூட்டியே நிறுத்த ஒரு வழிமுறை இருக்கட்டும் என்பது அதன் சாரம். இன்று பெரிய சோதனைகளில் இருக்கும் தரவு, பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுக்கள் அந்த யோசனையின் வாரிசுகள். சில மருத்துவர்கள், புள்ளியியல் அறிஞர்கள், சில சமயம் அறநெறித் துறையைச் சேர்ந்த ஒருவர், அவ்வளவுதான் குழு. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்ற ரகசியத்தைப் பிரித்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வெளியே மூச்சுவிடக் கூடாது. அந்த அறையில் உட்கார்ந்திருப்பது சுலபமான வேலை என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாரம் தாமதித்தால் சிலர் சாகலாம்; ஒரு வாரம் முந்தினால் தவறான மருந்து உலகம் முழுக்கப் பரவலாம்.

முந்திவிடும் ஆபத்தைக் கணக்கால் காட்ட முடியும். ஒரு மருந்துக்கு உண்மையில் எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தற்செயலாகவே பலன் இருப்பதுபோல் முடிவு வந்துவிடும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்துக்குள் கட்டுப்படுத்துவது வழக்கம். கடைசியில் ஒரே முறை பார்த்தால்தான் அந்த ஐந்து ஐந்தாக இருக்கும். நடுவே அவ்வப்போது பார்த்து, 'வித்தியாசம் வந்துவிட்டது, நிறுத்து' என்று சொல்லிக்கொண்டே போனால், ஐந்து முறை பார்ப்பதற்குள் ஏமாறும் வாய்ப்பு ஏறக்குறைய 14 ஆகிவிடும். பத்து முறை பார்த்தால் 19. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் பீட்டர் ஆர்மிடேஜும் அவருடைய சகாக்களும் 1969இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே தீயில், ஒரே தண்ணீரில் வேகும் அரிசிக்குப் பொருந்தும். நோயாளிகள் அப்படி ஒரு சீராக வருவதில்லை. முதலில் சேர்ந்த சில நூறு பேரில் மருந்துப் பக்கம் சற்றுத் தெம்பானவர்கள் அமைந்துவிட்டால் மருந்து அற்புதமாகத் தெரியும். அதனால்தான் 1970களிலிருந்து பல விதிகள் உருவாயின. ஆரம்பத்தில் நிறுத்த வேண்டுமானால் வித்தியாசம் மலைக்க வைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், போகப்போகத்தான் அந்தக் கெடுபிடி தளரும். 1979இல் புள்ளியியலாளர்கள் ஓ'பிரையன், ஃபிளெமிங் இருவரும் வகுத்த விதி அவற்றில் மிகப் பெயர்பெற்றது.

விதி இருந்தும் மனித மனம் நல்ல செய்திக்கு ஏங்குகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது பலனைக் கண்டு செய்யும் நிறுத்தங்கள்தான். தீங்கைக் கண்டு நிறுத்தியதில் தவறு நேர்ந்தால் ஒரு நல்ல மருந்து தாமதமாகலாம். பலனைக் கண்டு அவசரமாக நிறுத்தியதில் தவறு நேர்ந்தால், அந்தத் தவறு மருத்துவப் புத்தகங்களுக்குள் நுழைந்து, ஐ.சி.யூ.க்களின் அன்றாட வழக்கமாகிவிடும்.

செப்சிஸ் என்ற நிலையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். நோய்த்தொற்று முற்றி, ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பது. அதற்கு எலி லில்லி நிறுவனம் க்ஸிக்ரிஸ் என்ற ஊசி மருந்தைக் கொண்டுவந்தது. 'ப்ரோவெஸ்' என்ற சோதனை இடைக்கால ஆய்வில் பலன் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 1,690 பேரின் கணக்கு 2001இல் வெளியானது. 28 நாளில் இறந்தவர்கள் போலி மருந்துப் பக்கம் 30.8 சதவீதம், மருந்துப் பக்கம் 24.7 சதவீதம். செப்சிஸுக்கு எதுவும் பலிக்காத காலத்தில் இது பெரிய செய்தி. அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பின் ஆலோசனைக் குழு பத்துக்குப் பத்து என்று சரிபாதியாகப் பிரிந்து நின்றது. அப்படியும் அனுமதி கிடைத்தது. ஆயிரக்கணக்கான டாலர் விலையில், ரத்தக் கசிவு அபாயத்தோடு, பத்தாண்டுகள் அந்த மருந்து ஐ.சி.யூ.க்களில் ஏற்றப்பட்டது. கடைசியில் இன்னும் கடுமையான நிலையில் இருந்த நோயாளிகளிடம் மறுபடி சோதித்தார்கள். மருந்துப் பக்கம் 26.4 சதவீதம், போலிப் பக்கம் 24.2 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பலன் எதுவும் இல்லை. 2011 அக்டோபரில் நிறுவனமே மருந்தை உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

சர்க்கரை அளவைப் பற்றிய கதையும் இதே போக்குதான். பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஒரே மருத்துவமனையில், ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1,548 பேரோடு நிறுத்தி, 2001இல் வெளியிட்டார்கள். உலகமே பின்பற்றியது. 2009இல் 'நைஸ்-சுகர்' என்ற, 6,104 பேர் கொண்ட சோதனை வந்தது. இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில் 27.5 சதவீதம், சற்றுத் தளர்வாக விட்டவர்களில் 24.9 சதவீதம் பேர் 90 நாளில் இறந்திருந்தார்கள். எட்டு ஆண்டுகள் எத்தனை மருத்துவமனைகளில் நல்லெண்ணத்தோடு அந்த இன்சுலின் ஏற்றப்பட்டது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இவை விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2010இல் பாஸ்லர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பலனைக் கண்டு பாதியில் நிறுத்திய 91 சோதனைகளை, அதே கேள்விக்காக முழுதாக நடந்த 424 சோதனைகளோடு வைத்துப் பார்த்தார்கள். பாதியில் நின்றவை மருந்தின் பலனைத் திரும்பத் திரும்ப மிகைப்படுத்தியிருந்தன. இறப்பு, மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் ஐந்நூறுக்குக் குறைவாக இருந்த சோதனைகளில் மிகை இன்னும் அதிகம். இன்னொரு இழப்பும் உண்டு. சில பக்கவிளைவுகள் பலனைவிடத் தாமதமாக வெளிப்படும். ஐந்து ஆண்டு ஓட வேண்டியதை இரண்டு ஆண்டில் நிறுத்தினால், மூன்றாம் ஆண்டில் ஈரலுக்கு என்ன ஆகும் என்று சொல்ல ஆள் இருக்காது.

பொறுத்திருந்தவர்களும் உண்டு. 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கரோனரி ட்ரக் ப்ராஜெக்ட்' என்ற பெரிய சோதனையில், க்ளோஃபிப்ரேட் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்து ஆரம்ப ஆண்டுகளில் உயிரைக் காப்பதுபோல் தோன்றியது. குழு நிறுத்தவில்லை. முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு பேர்தான் இறந்திருந்தார்கள். ஒன்றுமில்லாத மருந்தை ஒன்றுமில்லை என்று சொன்ன அந்தச் சோதனைக்கு எந்தப் புகழும் கிடைத்ததில்லை.

பலனைக் கண்டு நிறுத்தியதில் மிகச் சரியானது என்று நான் கருதும் சோதனையில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஹெச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்குக் கூட்டு மருந்தை நோய் எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திராமல் உடனே தொடங்கினால், அவருடைய துணைக்குத் தொற்று பரவுவது நிற்குமா? 'ஹெச்.பி.டி.என். 052' என்ற சோதனை ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் இதைக் கேட்டது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. பரவியிருப்பதை 1986இல் முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்ன டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் அதன் மையங்களில் ஒன்று. 2011 ஏப்ரலில் கண்காணிப்புக் குழு கணக்கைப் பார்த்தபோது, துணையிடமிருந்தே பரவியது என்று மரபணு ஒப்பீட்டில் உறுதியான தொற்றுகள் 28. அவற்றில் 27, மருந்தைத் தாமதமாகத் தொடங்கியவர்கள் பக்கம். உடனே தொடங்கியவர்கள் பக்கம் ஒன்றே ஒன்று. 2015வரை நடக்க வேண்டிய சோதனையின் முடிவை மே மாதமே அறிவித்தார்கள்.

இது ஏன் சரியான நிறுத்தம் என்றால், வித்தியாசம் தற்செயலால் வரக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. அளந்ததும் இசிஜி கோட்டையோ ரத்த அளவையோ அல்ல, தொற்றையே. எல்லாவற்றுக்கும் மேலாக, 'முடிந்தது' என்று அவர்கள் கடையைக் கட்டவில்லை. தாமதமாகத் தொடங்க வேண்டியவர்களுக்கும் உடனே மருந்து கொடுத்தார்கள், தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள், 2015இல் முழுக் கணக்கையும் பார்த்தபோது பாதுகாப்பு நிலைத்திருந்தது. பலனைக் கண்டு நிறுத்துகிறவர்கள் எல்லோரும் இப்படி நடந்துகொண்டால் நான் மேலே எழுதிய கவலையில் பாதி போய்விடும்.

தீங்கைக் கண்டு நிறுத்தியதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 'ஃபீஸ்ட்'. கென்யா, உகாண்டா, தான்சானியா நாட்டு மருத்துவமனைகளுக்குக் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டம் குன்றியும் தூக்கிவரப்பட்ட குழந்தைகளிடம் நடந்த சோதனை அது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா. இப்படி ஒரு குழந்தை வந்தால் உடனே வேகமாகச் சலைன் ஏற்றுவது பணக்கார நாடுகளின் வழக்கம். அந்த வசதி இல்லாத ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கும் அதைக் கொண்டுசேர்க்க முடிந்தால் எத்தனை உயிர் தப்பும் என்பது நம்பிக்கை. கேத்ரின் மெயிட்லண்ட் என்ற ஆய்வாளர் தலைமையில் மூன்று பிரிவாகப் பார்த்தார்கள்: வேகமாகச் சலைன், வேகமாக ஆல்புமின் என்ற புரதக் கரைசல், வேகமாக எதுவும் ஏற்றாமல் மெதுவான சொட்டு மட்டும். 3,600 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டம். 2011 ஜனவரியில், 3,141 பேர் சேர்ந்த நிலையில் நிறுத்தினார்கள். 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் ஆல்புமின் பிரிவில் 10.6 சதவீதம், சலைன் பிரிவில் 10.5 சதவீதம், மெதுவான சொட்டு மட்டும் பெற்றவர்களில் 7.3 சதவீதம்.

வேகமாக ஏற்றிய குழந்தைகள் முதல் ஒரு மணி நேரத்தில் மற்றவர்களைவிடத் தேறியே தெரிந்தார்கள். கை கால் சூடு திரும்பியது, நாடி நிமிர்ந்தது. கட்டிலருகே நிற்கும் டாக்டரும் தாயும் பார்த்தது அதைத்தான். இறப்பு பிறகு வந்தது, அதை நோயின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. குலுக்கல் முறையில் பிரித்து எண்ணிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. காஸ்டில் இசிஜி தாள் செய்த வேலையை இங்கே குழந்தையின் முகத்தில் திரும்பிய களை செய்தது. (வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் இந்தச் சோதனையில் சேர்க்கப்படவே இல்லை. அவர்களுக்கு நீர் கொடுப்பது உயிர் காக்கும் சிகிச்சை. இந்த முடிவை அவர்களிடம் பொருத்திப் பார்க்கக் கூடாது.)

இனி, பலன் வராது என்று தெரிந்து நிறுத்துவது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் ஆறு மாதச் சிகிச்சையை நான்காகக் குறைக்க முடியுமா என்று புதிய இரு மருந்துகளை வைத்துப் பார்த்தார்கள். வாரம் மூன்று நாள் மருந்து, நான்கு மாதம். சிகிச்சை முடியும்போது எல்லாப் பிரிவிலும் நன்றாகவே இருந்தது. பிறகு குறுகிய சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. கண்காணிப்புக் குழு நிறுத்தச் சொன்னது. முடிவை 2013இல் வெளிப்படையாகவே எழுதினார்கள். ஆறு மாதம் மாத்திரை விழுங்க முடியாமல் பாதியில் விட்டுவிடும் நம் ஊர் நோயாளிகளை நினைத்தால் இது ஏமாற்றம்தான். ஆனாலும் நான்கு மாதம் போதும் என்று தவறாக நம்பியிருந்தால் விளைவு அதைவிட மோசம்.

பயனில்லை என்று நிறுத்தியதைத் திருப்பிப் போட்ட கதையும் உண்டு. அல்சைமர் மறதிநோய்க்கான அடுகானுமாப் மருந்தின் இரு பெரும் சோதனைகளை பயோஜென் நிறுவனம் 2019 மார்ச்சில் 'பலன் வராது' என்று நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், கூடுதல் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு சோதனையில் பலன் தெரிகிறது என்றது. ஆலோசகர்கள் எதிர்த்தும் 2021 ஜூனில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆலோசகர்களில் மூவர் விலகினார்கள். 2024இல் நிறுவனமே மருந்தைக் கைவிட்டது. முழுதாக ஓடவிட்டிருந்தால் ஒரு தெளிவான விடையாவது மிஞ்சியிருக்கும். நோயாளிகளின் குடும்பங்களுக்கு மிஞ்சியது ஐந்து ஆண்டு இழுபறி.

பணத்துக்காக நிறுத்துவதைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. 'கன்வின்ஸ்' என்ற ரத்த அழுத்த மருந்துச் சோதனையில் 15 நாடுகளில் 16,000க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தார்கள். பணம் கொடுத்த நிறுவனம் வணிகக் காரணம் என்று சொல்லித் திட்டத்துக்கு இரண்டு ஆண்டு முன்பாகவே மூடிவிட்டது. தீங்கு தெரிந்ததும் காரணமில்லை, பலன் தெரிந்ததும் காரணமில்லை. 2003இல் முடிவு வெளியானபோது கேள்விக்கு உறுதியான விடை இல்லை. அத்தனை பேரும் ரத்தம் கொடுத்தது, மாத்திரை விழுங்கியது, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு நடந்தது எல்லாம் தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையை ஒரு கணக்குப் புத்தகத்தின் வரி முறிக்கக் கூடாது. தொடங்கும்போதே முடிக்கப் பணம் ஒதுக்கி, வெளியார் கையில் வைத்த பிறகுதான் அனுமதி தர வேண்டும் என்பேன்.

நிறுத்திய செய்தியை மக்களிடம் சொல்லும் விதத்துக்கு வருகிறேன். மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஹார்மோன் மாத்திரைச் சோதனை 2002 ஜூலையில் நின்றது. மார்பகப் புற்று, பக்கவாதம், இதயநோய் அதிகரிப்பு என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. லட்சக்கணக்கானோர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மைக் கணக்கு, பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு எடுத்துக்கொண்டால் மார்பகப் புற்று கூடுதலாக எட்டு, பக்கவாதம் கூடுதலாக எட்டு, இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைவு. சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. ஐம்பது வயதில், உடம்பு கொதித்துத் தூக்கமின்றித் தவிக்கும் ஒருத்திக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்பது பின்னால் நீண்ட விவாதமானது. நிறுத்தியது சரி, நோய் தடுக்கும் மாத்திரையாக அதைப் பரிந்துரைப்பது நின்றது நல்லது. எத்தனை பேரில் எத்தனை, எந்த வயதில் என்று சொல்லாமல் விட்டதால் தேவையுள்ள பெண்களும் வாய்மூடிச் சகித்தார்கள்.

இந்தியாவில் 2009 ஜூன் முதல் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். சோதனை நடக்கிறதா, நின்றுவிட்டதா என்பதும் அதில் இருக்கும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு சோதனையை நிறுத்தினால் முப்பது வேலை நாட்களுக்குள் காரணங்களை மத்திய உரிமம் வழங்கும் அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். அதிகாரிக்குப் போகும் அதே நாளில் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அவர் படிக்கும் மொழியில் ஒரு கடிதம் போக வேண்டும் என்பேன்; அதில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: நான் சாப்பிட்டது மருந்தா போலியா, எதற்காக நிறுத்தினார்கள், நாளை காலை மாத்திரையை விடலாமா அல்லது படிப்படியாகக் குறைக்க வேண்டுமா, இனி என் உடம்பை யார் எத்தனை காலம் கவனிப்பார்கள், முடிவு எங்கே வெளியாகும். சோதனையில் சேரச் சொல்லி யாராவது உங்களிடம் ஒப்புதல் படிவம் நீட்டினால், சோதனை நின்றுபோனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தருவார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கிறதா, அதில் நிறுவனத்தோடு சம்பந்தமில்லாதவர்கள் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.